தரவரிசையைப் பிறகு பாருங்கள், உதவித்தொகை விதியை முதலில் படியுங்கள்

பிளஸ் டூ முடித்ததும் அமெரிக்காவில் இளநிலைப் படிப்பில் சேர விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, எந்தப் பல்கலைக்கழகம் தரவரிசையில் மேலே இருக்கிறது என்பதைத்தான். அதைத் தள்ளி வைத்துவிட்டு, வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்டால் அந்தக் கல்லூரி என்ன செய்யும் என்பதை முதலில் விசாரிக்குமாறு நான் தொடர்ந்து சொல்லிவருகிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பிக்கும் நடுத்தரக் குடும்பங்களில் சில, இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியின்றி நின்றுவிடுகின்றன. வேறு சில, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிவிட்டு இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்குத் தவிக்கின்றன. இன்னும் பல குடும்பங்கள் கட்டணத் தொகையைப் பார்த்த மாத்திரத்தில், இது நமக்கானது அல்ல என்று ஒதுங்கிவிடுகின்றன. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த மூன்றாவது வகைதான்.

2023-24ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள்; வேறெந்த நாட்டிலிருந்தும் அத்தனை பேர் இல்லை. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் முதுநிலைப் படிப்புக்குப் போனவர்களும், படிப்பை முடித்துவிட்டு அங்கேயே தற்காலிகமாக வேலை பார்ப்பவர்களுமே. இளநிலை மாணவர்கள் சுமார் முப்பத்தாறாயிரம் பேர்தான். ஆகவே நம் உறவிலும் தெருவிலும் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் எம்எஸ் படிக்கப் போன அண்ணன்மார், அக்காமாருடைய அனுபவம். இரண்டு வருடப் படிப்புக்குக் கடன் வாங்கி, வேலையில் சேர்ந்து அடைக்கலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. நான்கு வருடப் படிப்புக்குப் பதினெட்டு வயதுப் பிள்ளையை வைத்து அதே கணக்கைப் போடுவது ஆபத்து.

பெயர்பெற்ற தனியார் கல்லூரிகள் பலவற்றில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எண்பதாயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. அந்தத் தொகையை எல்லோரும் கட்டுவதில்லை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை, மாணவர் எந்த நாட்டவரானாலும், பணம் கட்ட முடியுமா என்பதைப் பார்க்காமலேயே சேர்க்கையைத் தீர்மானிக்கின்றன. சேர்த்தபின் குடும்பத்தால் கட்ட முடியாத தொகை முழுவதையும் தாமே ஏற்கின்றன. 2022இல் டார்ட்மத், போடன் கல்லூரிகளும் இந்த முறைக்கு வந்தன. ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்குக் கீழே இருந்து, பெரிய சொத்தும் இல்லாத குடும்பத்திடம் ஹார்வர்டு 2025-26 முதல் எதுவும் வாங்குவதில்லை. நம் ஊர் ஆசிரியர், கடைக்காரர், வங்கி ஊழியர் குடும்பங்கள் ஏறத்தாழ எல்லாமே அந்த வரம்புக்குள் வந்துவிடும். இவற்றில் சேர்வது மிகக் கடினம் என்பதையும் மறைக்கக் கூடாது. ஹார்வர்டும் எம்ஐடியும் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேரைக்கூடச் சேர்ப்பதில்லை.

அதனால் அடுத்த வரிசையையும் படிக்க வேண்டும். வில்லியம்ஸ், பொமோனா, கிரினல் போன்ற சிறிய கல்லூரிகளின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. வெளிநாட்டு மாணவர் எவ்வளவு உதவி கேட்கிறார் என்பதை இவை சேர்க்கையின்போது கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் சேர்த்துக்கொண்டால் தேவைப்படும் தொகையை முழுவதும் தருகின்றன. கென்டக்கி மாநிலத்தில் 1855இல் தொடங்கப்பட்ட பெரியா கல்லூரி யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. மாணவர்கள் எல்லோரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் கல்லூரி வேலை செய்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, நாம் மிகவும் விரும்பும் கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களிடம் குடும்ப வருமானத்தைக் காட்டி வெளிநாட்டு மாணவர் பெறக்கூடிய உதவி அநேகமாக இல்லை. பணம் கட்ட முடியாதவர் அங்கே விண்ணப்பிப்பது, விண்ணப்பக் கட்டணத்தையும் உழைப்பையும் வீணாக்குவதாகும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்ணப்பத்தில் உதவி வேண்டாம் என்று குறித்துச் சேர்ந்துவிட்டால், பிறகு கேட்க முடியாது என்று பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. முதலில் சேர்ந்துவிடுவோம், பிறகு பேசிக்கொள்ளலாம் என்ற நம் வழக்கம் அங்கே செல்லாது.

இதையெல்லாம் கன்சல்டன்சிக்காரர்கள் சொல்வார்களே என்று கேட்கலாம். கமிஷனுக்கு வேலை செய்பவர் இதைச் சொல்வதில் அவருக்கு லாபம் இல்லை. அமெரிக்க அரசின் கல்வி நிதி பெறும் கல்லூரிகள் உள்நாட்டு மாணவரைச் சேர்த்துவிடுவதற்கு முகவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தருவதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. வெளிநாடுகளில் ஆள் சேர்ப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு; அதனால்தான் இங்குள்ள முகவருக்குக் கல்லூரிகள் கமிஷன் தர முடிகிறது. முழு உதவி தரும் கல்லூரிகள் முகவருக்குப் பணம் கொடுத்து மாணவரைத் தேட வேண்டிய நிலையில் இல்லை. எனவே முகவர் நீட்டும் பட்டியலில் அவற்றின் பெயர் இருக்க வாய்ப்பில்லை. சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரக வளாகத்திலேயே எஜுகேஷன் யுஎஸ்ஏ ஆலோசனை மையம் இருக்கிறது. முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

உதவி கேட்பதற்கான சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவம் குடும்பத்தின் வருமானம், சேமிப்பு, நிலம், வீடு, கடன் எல்லாவற்றையும் கேட்கும். இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். தாசில்தார் கொடுத்த வருமானச் சான்றில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்று இருக்கும். வங்கிப் பாஸ்புத்தகம் வேறு கதை சொல்லும். மளிகைக் கடை நடத்தும் அப்பா வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்திருக்க மாட்டார். நிலத்தின் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். இவற்றை உள்ளபடி விளக்கி ஒரு கடிதம் எழுதினால் கல்லூரிகள் புரிந்துகொள்ளும். பொய்ச் சான்று தயாரிக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். போலி ஆவணங்களைக் காட்டி முழு உதவியுடன் சேர்ந்த ஓர் இந்திய மாணவர் 2024இல் அமெரிக்காவில் கைதாகி, படிப்பை இழந்து நாடு திரும்ப நேர்ந்தது.

பணத்துக்கு அடுத்தபடியாக நம் பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளுவது ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். நான் பார்த்த கடிதங்களில் பல, மாற்றுச் சான்றிதழோடு தரும் நன்னடத்தைச் சான்றின் நகல்களாகவே இருந்தன: இம்மாணவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன். அங்கே கடிதத்தைப் படித்துப் பார்க்கும் சேர்க்கை அதிகாரிக்கு இதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. இயற்பியல் பாடத்தில் இந்தப் பெண் எந்தக் கேள்வியைக் கேட்டு வகுப்பை நிறுத்தினாள், ஆய்வகத்தில் தவறிய அளவீட்டை எப்படித் திரும்பச் செய்தாள் என்று எழுதினால்தான் அவள் அவர்கள் கண்முன் வருவாள். நம் ஆசிரியர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். எழுதலாம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

அரசு மாதிரிப் பள்ளிகளில் ஜேஇஇ, நீட் தேர்வுகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். அதே பள்ளிகளில் பள்ளிக்கு ஓர் ஆசிரியருக்காவது காமன் ஆப் எனப்படும், பல கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பம், உதவிப் படிவம், பரிந்துரைக் கடிதம் ஆகிய மூன்றிலும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். காமன் ஆப் ஆகஸ்ட் 1ஆம் தேதி திறக்கிறது. முன்கூட்டியே முடிவு தெரியும் சுற்றுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1, வழக்கமான சுற்றுக்கு ஜனவரித் தொடக்கம் கடைசி நாள். பதினொன்றாம் வகுப்பின் கோடை விடுமுறையிலேயே வேலையைத் தொடங்கியாக வேண்டும். அதற்குள் அந்த ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும்.