அம்மாவின் மிச்ச 16 மணி நேரம்

எங்கள் அம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பெக்டரி வேலை செய்தவர். தேயிலைத் தூள் சலிக்கும் இடம். விடிய நாலு மணிக்கு லயத்துக் காம்பராவில் ஈர விறகை ஊதி ஊதி அடுப்பு மூட்டுவார். பகல் முழுக்கத் தூசி. இரவு மறுபடியும் அடுப்படி. மழை நாட்களில் குளிருக்குக் கதவையும் சாத்திவிடுவோம்.

வேலைத்தலக் காற்றில் ஒரு நச்சுப்பொருள் எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்புகள் பெரும்பாலும் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற கணக்கில் போடப்பட்டவை. மிச்ச நேரம் உடம்பு நல்ல காற்றில் ஆறும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு அந்த மிச்ச 16 மணி நேரம் எங்கே இருந்தது? விறகுப் புகையிலும் காபனோரொட்சைட்டு, பென்சீன், போமல்டிகைட்டு என்ற நச்சுப்பொருட்கள் எல்லாம் உண்டு.

பொதுமக்களுக்கு வரம்பு வைப்பது வேறு விதம். பல நச்சுப்பொருட்களுக்கு, மிருகங்களுக்குப் பாதிப்புக் காட்டாத அளவை எடுத்து, மனித உடம்பு வேறு என்பதற்காக வழக்கமாக 10 ஆல் வகுக்கிறார்கள். மனிதரிலும் எல்லாரும் ஒன்றில்லை என்பதற்காக இன்னொரு 10. வயிற்றுப் பிள்ளைக்காரி, பிள்ளை மடுவத்தில் கிடக்கும் கைக்குழந்தை, இழுப்புக்காரத் தாத்தா எல்லாரும் அந்த இரண்டாவது பத்துக்குள்தான் இருக்கிறார்கள். செலவைக் காட்டி அதைக் குறைக்கச் சொல்பவர்கள் வெளியே தள்ளுவது இவர்களைத்தான்.

உடம்பை மட்டும் பார்த்து வரம்பு வைப்பது நம் இலங்கையில் நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். சரி, ஒரே நாளில் நடக்காது. பிஎம் 2.5 என்ற நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னபோது, உடனே முடியாத நாடுகளுக்கு 35, 25, 15, 10 என்று படிகளும் வைத்தது. 2008 வர்த்தமானியில் நாம் வைத்த 25 அதில் இரண்டாம் படி. படியில் நிற்பது தப்பில்லை, படியையே இஸ்தோப்பாக்கி உட்கார்ந்துவிடக் கூடாது. உடம்பு தாங்கும் அளவை முதலில் எழுதுங்கள். காசையும் காலத்தையும் அப்புறம் வேறு தாளில் பேசலாம். இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக்கினால், உடம்புக்காக வைத்தது எவ்வளவு, காசுக்காக விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, நம் 25 வெளிக்காற்றுக்கு மட்டும்தான். உலக சுகாதார நிறுவனம் சொன்ன அந்த 5 வீட்டுக்குள்ளும் பொருந்தும். 2022இல் கேஸ் இல்லாமல் விறகுக்குத் திரும்பிய வீடுகள் எங்கள் லயத்திலும் உண்டு. காற்றளக்கும் கருவி ஒன்றை விடிய ஐந்து மணிக்கு அந்த அடுப்படிகளில் வைத்துப் பாருங்கள். புதிதாகக் கட்டிக் கொடுக்கும் வீடுகளில் புகைக்கூண்டு எத்தனை உயரம் வேண்டும் என்பதை அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.