கீமோ எடுக்கும் பிள்ளைக்குச் சோற்றை நிறுத்தாதீர்கள்

பக்கத்து வீட்டில் பதினைந்து வயசுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய், அவர்களுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, "சர்க்கரைதான் கேன்சருக்குத் தீனி, சோற்றை நிறுத்திட்டு தினமும் அருகம்புல் சாறு கொடுக்கச் சொல்லுங்க" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணே, நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் இது தப்பு, ஆபத்தும்கூட. குளுக்கோஸ் உடம்பிலுள்ள எல்லா செல்லுக்கும் வேண்டும். சோற்றை நிறுத்தினால் நோய் பட்டினி கிடக்காது, பையன்தான் எடை குறைந்து அடுத்த கீமோவைத் தாங்க முடியாமல் துவண்டுபோவான். (கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தால் சிலருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறும், அது வேறு கணக்கு, டாக்டரே சொல்வார்.)

அதைவிட அந்தப் பச்சைச் சாறுதான் எனக்குப் பயம். கீமோ போட்டு ஒன்றிரண்டு வாரத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் சரிந்துவிடும், அப்போது வேகாத இலையில் இருக்கும் கிருமியே பெரிய தொற்றாகலாம், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம் அது. வாயெல்லாம் புண்ணாக இருக்கிறவனுக்கு அன்றன்று குழைய வடித்த பருப்புச் சோறு, சூடு தணிந்த இட்லி, இதெல்லாம் நாலு வாய் இறங்கினாலே போதும்.

உதவி செய்யணுமா, தட்டணு (ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்) கொடுக்க ஆள் சேர்த்து வையுங்கள். எடுத்து வைத்தால் அது 5 நாள்தான் தாங்கும், அதனால் எல்லோரும் ஒரே நாளில் போகாமல், ஆஸ்பத்திரி கேட்கும்போது ஒவ்வொருவராகப் போகணும். தம்பி தங்கை இருந்தால் ஸ்கூலுக்குக் கூட்டிப்போய் விடுங்கள். அப்புறம் சளி, இருமல் இருந்தால் அந்த வீட்டுப் பக்கமே போகாதீர்கள், போன் பண்ணி அவனிடம் கிரிக்கெட் பேசுங்கள்.