படிச்சீங்களா, கேட்டீங்களா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் நிறையப் பேருக்குத் தெரியும். வீடியோவும் சுற்றிவிட்டது. ஆளாளுக்கு இன்பாக்ஸில் கேட்கிறீர்கள், ஒரே தடவையாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உ.வே.சா.வின் சுயசரிதையான 'என் சரித்திரம்' பற்றிய கூட்டம். நான் எழுந்து, ஒலிநூலாகக் கேட்டேன் என்று சொல்லிவிட்டு ஒரு கேள்வியை ஆரம்பித்தேன். "அப்ப நீங்க படிக்கலை சார், கேட்டிருக்கீங்க" என்றார் மேடையில் இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி அந்தரத்தில் நின்றது. உட்கார்ந்துவிட்டேன்.

ஆமாம், கேட்டேன். கேட்டதைக் கேட்டேன் என்றுதான் சொன்னேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அந்தப் புத்தகத்தில் உ.வே.சா. தான் தமிழ் கற்றதை எந்தச் சொல்லால் சொல்கிறார்? 'பாடம் கேட்டேன்' என்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். ஒருவர் வாசிக்க, ஆசிரியர் பொருள் சொல்ல, மற்றவர்கள் காதில் வாங்கி மனசில் இருத்துவார்கள். 'ஒருகுறி கேட்போன் இருகாற் கேட்பின் பெருக நூலிற் பிழைபா டிலனே' என்கிறது நன்னூல். இரண்டு தடவை கேள் என்கிறது. சில அத்தியாயங்களை நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன்.

திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பார்கள். படிப்பவர் ஒருவர், கேட்பது ஊர். 'பாரதம் படிக்கிறாங்க, வா' என்றுதான் கூப்பிடுவார்கள். ராத்திரி முழுக்க அங்கே உட்கார்ந்திருந்த கிழவிக்குப் பாரதம் தெரியாது என்று யாராவது அவர் முகத்துக்கு நேரே சொல்லட்டும்.

நான் மருந்து ஏஜென்சி வேன் ஓட்டுகிறேன். காலை ஏழு மணிக்குத் தஞ்சாவூரில் பெட்டி ஏற்றினால் அய்யம்பேட்டை, பாபநாசம், கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம் என்று மயிலாடுதுறை வரை லைன். வீடு திரும்ப ஒன்பதாகும். அதற்கப்புறம் புத்தகத்தைத் திறந்தால் மூன்றாம் பக்கத்திலேயே கண் சொக்கிவிடும். 1855இல் பிறந்த உத்தமதானபுரத்துப் பையனின் கதையை, அந்த ஊருக்குப் பக்கத்திலேயே, பாபநாசத்து மருந்துக்கடை வாசலில் பில்லுக்குக் காத்திருந்தபடி கேட்டவன் நான்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இறக்கிற அத்தியாயம் ஆடுதுறை தாண்டியதும் வந்தது. 1876, பிப்ரவரி 1. சவேரிநாத பிள்ளை என்கிற கிறிஸ்தவ மாணவர் அவரைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டிருக்கிறார். உ.வே.சா. திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை வாசிக்கிறார். ஒலிநூலில் வாசித்த அம்மாவின் குரல் அந்த இடத்தில் தணிந்தது. ஒரு மூச்சு நின்றது. பிறகுதான் அடுத்த வரியை எடுத்தார். அது நடந்த திருவாவடுதுறை அங்கிருந்து கூப்பிடு தூரம். வண்டியை ஓரங்கட்டினேன். பின்னால் ஐஸ் பெட்டியில் இன்சுலின், நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆனாலும் ஐந்து நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவ்வளவு பெரிய புலவர், கடைசி நேரத்தில் தமிழைக் காதால்தான் வாங்கிக்கொண்டார். அதை என்ன கணக்கில் சேர்ப்பீர்கள்?

வரலாற்றை ஒலியில் கேட்டால் பேரும் வருஷமும் நிற்காது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது நியாயமான பேச்சு. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. 1736இல் தொடங்கி 1761 வரை போகிறது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர் அவர், தினம் யார் யாரையோ பார்க்கிறார். 1748இல் புதுச்சேரியில் வேதபுரீசுவரர் கோயிலை இடித்த நாட்களில் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பது குழம்பிவிட்டது. முப்பது நொடி பின்னால் தள்ளினால் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார். கடைசியில் நூலகத்தில் அச்சுப் பிரதியை எடுத்துச் சரிபார்த்தேன். கேட்காமல் இருந்திருந்தால் அந்த அலமாரிப் பக்கமே நான் போயிருக்க மாட்டேன்.

கவனம் சிதறும் என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கையில் புத்தகம் இருந்தால் மட்டும் சிதறாதா?

எனக்கு வலித்தது வேறு இடத்தில்.

அப்பா திருபுவனத்தில் பட்டுத்தறி நெய்தவர். சர்க்கரையில் பார்வை போய் ஆறு வருஷமாகிறது. நான் முடித்த பிறகு, ராத்திரி ஒரு அத்தியாயமாக அவருக்கும் போட்டேன். ஸ்பீக்கர் தலைமாட்டில் இருக்கும். அவர் விரல்கள் போர்வையின் ஓரத்தில் இழை எண்ணுகிற மாதிரி அசைந்துகொண்டே இருக்கும். விரல் நின்றுவிட்டால் கதை அவரைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். கடைசி அத்தியாயம் சட்டென்று முடிந்தது. கையில் புத்தகம் இருந்தால் பக்கம் குறைவது விரலுக்கே தெரியும், ஒலியில் அது தெரியாது.

"என்னடா, சார்ஜ் போயிடுச்சா?"

"இல்லப்பா, இவ்வளவுதான். விகடன்ல தொடரா எழுதிக்கிட்டிருக்கும்போதே 1942ல காலமாயிட்டாரு."

"அப்ப மிச்சம்?"

"மிச்சம் இல்லப்பா."

அன்றைக்கு ரொம்ப நேரம் அவர் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிரித்தீர்களே, அது இவருக்கும் சேர்த்துத்தான் விழுந்தது. கண் தெரியாதவர்களைச் சொல்லவில்லை, உங்களை மாதிரி ஆட்களைத்தான் சொன்னோம் என்று சமாதானம் சொல்வீர்கள். பன்னிரண்டு மணி நேரம் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒரு சட்டம், பார்வை போனவருக்கு ஒரு சட்டமா? வீடியோவை அப்பாவிடம் போட்டுக் காட்டவில்லை. அவருக்குத் தெரியாது. ஆனால் கேட்குமே.

சரி, அன்றைக்கு நான் கேட்க வந்ததை இங்கே கேட்டுவிடுகிறேன். மாயூரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் உ.வே.சா. சங்கீதம் கற்கிறார். சங்கீதத்தில் மனசு போனால் இலக்கியத்தில் புத்தி செல்லாது என்று ஆசிரியர் பிள்ளையவர்கள் சொன்னதும் நிறுத்திவிடுகிறார். அவருடைய தகப்பனார் வேங்கடசுப்பையரோ சங்கீத வித்துவான். மகன் பாட்டை விட்டான் என்று தெரிந்ததும் அந்த மனுஷன் என்ன நினைத்திருப்பார்?

இது என் அப்பா கேட்ட கேள்வி. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ராத்திரி அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.