கரையை மொட்டையடித்துவிட்டுக் கைதட்டுகிறோம்

அந்த வீடியோவை எனக்கு அனுப்பாதவர்கள் இனி யாரும் பாக்கி இல்லை என்று நினைக்கிறேன். குடும்ப குரூப், பள்ளிக்கூட குரூப், ஊர் குரூப் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. ஜேசிபி, பின்னால் ஒரு பாட்டு, 'முன்பு, பின்பு' என்று இரண்டு படம், கீழே வரிசையாகக் கைதட்டல். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற நம்ம ஊர்க் குளத்தங்கரையும் அங்கிருந்து வயலுக்குப் போகிற ஓடைக்கரையும் பளிச்சென்று ஆகிவிட்டதாம். செய்தவர்கள் பெயரைப் போட மாட்டேன். பாதிப் பேர் எனக்குத் தெரிந்த பையன்கள். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு மண்வெட்டியோடு வந்த நல்ல பிள்ளைகள். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

குளத்துக்குள் கிடந்த ஆகாயத்தாமரையை வாரினார்கள். நல்ல காரியம். தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் தண்ணீரை மூடிக்கொண்ட செடி அது, போகத்தான் வேண்டும். பிளாஸ்டிக்கைப் பொறுக்கினார்கள், அதற்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் கரைமேல் நின்ற தாழையும் நொச்சியும் பூவரசும் என்ன செய்தன உங்களை? வேரோடு பெயர்த்துவிட்டு, பெயர்க்க முடியாத தூரில் களைக்கொல்லி வேறு அடித்திருக்கிறார்கள்.

நேற்று காலையில் போய்ப் பார்த்தேன். தாழம்புதர் நின்ற இடத்தில் டயர் தடம். அதன் ஓரத்தில் ஒரு கானாங்கோழிக் கூடு கவிழ்ந்து கிடந்தது. வெளிறிய ஓட்டில் செம்பழுப்புப் புள்ளி போட்ட முட்டைகள். ஒன்று மட்டும் உடையாமல் பாதி சேற்றில் புதைந்திருந்தது, அதைச் சுற்றி எறும்பு. எதிர்க்கரைப் படித்துறையில் ஒரு கானாங்கோழி வாலை வெட்டி வெட்டி ஆட்டியபடி அங்கும் இங்கும் நடந்தது. ஆள் வந்தால் ஓடி ஒளிகிற பறவை அது. ஒளிய ஒரு புதர் மிச்சமில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கரை சும்மா கிடக்கிற இடமில்லை. வயல் வேலையில் பாதி கரையில்தான் நடக்கிறது.

கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல்லை அறுத்து முடிந்தால், கன்னிப்பூ என்கிற முதல் போகத்துக்கு நாற்று பாவும் வரைக்கும் வயல் வெறும் தாளும் கட்டாந்தரையும்தானே. அதுவரை வயலில் பூச்சி தின்றுகொண்டிருந்த சிலந்தியும் பொறிவண்டும் எங்கே போகும்? கரைக்கும் வரப்புக்கும்தான். பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை வைக்கிற பொடிக் குளவிகள் வரப்புப் பூவில் தேன் குடித்துத்தான் உயிர் வைத்திருக்கும். நாற்று நட்டதும் இவையெல்லாம் வயலுக்குள் இறங்கும். கரையை மொட்டையடித்துவிட்டால் இறங்க யார் இருக்கிறார்கள்? நெற்பயிரின் சாற்றை உறிஞ்சுகிற புகையான் பூச்சி மட்டும் காற்றில் வந்து இறங்கும்.

புகையான் வந்தால் மருந்தடிப்போம் என்பீர்கள். புகையான் இலையுறைக்குள் கீறி முட்டை வைக்கிறது. நீங்கள் மேலே அடிக்கிற மருந்தில் சிலந்தி சாகும், முட்டை சாகாது. பொரித்து வரும்போது தின்ன ஆளில்லாத வயல் அதற்குக் கிடைக்கும். இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. இந்தோனேசியாவில் மருந்தடிக்க அடிக்கப் புகையான் பெருகி நெல் அழிந்து, 1986-ல் அந்த நாட்டு அரசே நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. ஒரு நாடு நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டதை நாம் ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து மறுபடி ஆரம்பிக்கிறோம்.

எங்கள் பாட்டா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். உழவுக்கு முன்னால் கரையில் நின்ற பூவரசிலும் புங்கிலும் கிளை கழித்து, தழையைச் சேற்றில் போட்டு மிதிக்கச் சொல்வார். அந்தத் தழை அழுகுகிற மணம் இன்றைக்கும் எனக்கு மூக்கில் இருக்கிறது. கிளைதான் கழிப்பார், மரத்தைத் தொட மாட்டார். தாழை ஓலையை நாங்கள் விளையாட்டுக்குப் பிய்த்தால்கூட, "கரையில நிக்கது கரையைக் காக்க நிக்கு, தொடாத மக்கா" என்று சத்தம் போடுவார். 2021 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் எத்தனை இடத்தில் குளமும் பாசனச் சானலும் உடைந்தன என்று மறந்துவிட்டதா? மண்ணைப் பிடித்து நின்ற வேரைப் பிடுங்கிவிட்டு அடுத்த மழைக்கு மணல்மூட்டை அடுக்கப் போகிறோமா?

இனி வருகிற பதில்கள் எனக்குத் தெரியும், குரூப்பிலேயே வந்துவிட்டன.

"பாம்பு வருது, பிள்ளைகள் நடக்கிற இடம்." வரும். அதில் பெரும்பாலும் தண்ணிப்பாம்பும் சாரையும். சாரை எலி தின்னும். சாரையை விரட்டிவிட்டு எலிக்கு மருந்து வாங்குகிறோம். நல்ல பாம்பும் விரியனும் உண்டு, இல்லை என்று நான் சொல்லவில்லை. நடைபாதை அளவுக்கு வெட்டுங்கள், விளக்குப் போடுங்கள். அதற்காக இரண்டு கரையையும் முழுநீளத்துக்கு வழித்தெடுக்கச் சொன்னது யார்?

"கடைமடைக்குத் தண்ணீர் போக வேண்டாமா?" இது நியாயமான கேள்வி. ஓடைக்குள் இறங்கி வளர்ந்த தாழையை வெட்டத்தான் வேண்டும், நானே கூட வருகிறேன். ஆனால் தண்ணீரை மறித்தது எது என்று அந்த 'முன்பு' படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வண்டலும் ஆகாயத்தாமரையும் யாரோ கொட்டிய கட்டிடக் கழிவும்தான் தெரிகிறது. கட்டிடக் கழிவு இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதைக் கொட்டியவரைக் கேட்க முடியாது, தாழையைப் பிடுங்கலாம். தாழை திருப்பிக் கேட்காது.

"நீ என்ன விவசாயியா, போனில் எழுதுகிறவன்தானே" என்று ஒரு அண்ணன் போட்டிருந்தார். அண்ணா, எங்கள் வயலில் இன்றைக்கும் நெல்தான். மூன்று பக்கமும் மண்ணடித்து வீட்டுமனையாகி, மழைத்தண்ணீர் வடிய வழியில்லாமல் நிற்கிற வயல். விற்கச் சொல்லி வராத புரோக்கர் இல்லை. அப்பா விற்கவில்லை. அந்தச் சொல்லை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம்.

"தாழையில் என்ன வருமானம்? ரப்பர் போடு" என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மார்த்தாண்டம் பக்கம் என் சித்தப்பா தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோமே, அந்தத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். ரப்பர் பூவில் எடுப்பதில்லை அது. இலை உதிர்ந்து புதிதாகத் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலையும் காம்பில் சேருகிற இடத்தில் ஒரு துளி இனிப்பு கசியும். தேனீ அதை உறிஞ்சும். ஆனால் அந்தத் துளியில் மகரந்தம் கிடையாது. மகரந்தம் இல்லாமல் தேனீயின் புழு வளராது. அதற்குத் தேனீ தென்னம்பாளைக்கும் வேலியோரச் செடிக்கும் நாம் களை என்று பிடுங்குகிற தொட்டாச்சிணுங்கிக்கும்தான் போகிறது. துளிர் முற்றினால் இனிப்பும் நின்றுவிடும். மழை மாதங்களில் சித்தப்பா சீனிப்பாகு ஊற்றித்தான் பெட்டிகளைக் காப்பாற்றுகிறார். "முன்னே தோட்டத்து விளையில பலாவும் புளியும் முருங்கையும் நல்லமிளகும் கலந்து நின்னுது, ஈக்கு என்னைக்கும் எதாவது இருக்கும். இப்ப கண்ணெட்டும் தூரம் ஒரே மரம்" என்பார். ரப்பர் வைத்தவர்களைக் குறை சொல்லவில்லை, கடனும் படிப்புச் செலவும் யாரை விட்டது? அந்த ரப்பருக்கு நடுவே ஓடைக்கரையையும் வேலியையும் கையாலை என்கிற மண்சுவரில் நிற்கிற செடியையும் விட்டுவைக்கத்தான் கேட்கிறேன்.

நம் மாவட்டத்துச் சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. பெருமைதான். தேரூர்ப் பகுதி 94 ஹெக்டேர், வேம்பனூர் 20 ஹெக்டேர்கூட முழுதாக இல்லை. அந்த அளவுக்குள் மட்டும் பறவை வாழ்ந்துவிடுமா? நத்தைகொத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் சுற்றியுள்ள வயலில் இறங்கித்தான் மேய்கின்றன. உழுகிற டிராக்டருக்குப் பின்னால் கொக்குக் கூட்டம் நடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்? வயலை மனையாக்கி, கரையை மொட்டையாக்கி, ஓடையைக் கான்கிரீட் தொட்டியாக்கிவிட்டு, குளத்துக்கு மட்டும் போர்டு வைத்தால் யாருக்காக அந்தப் போர்டு? மாவட்டத்தில் 2,000-க்கும் மேல் குளம் என்று மேடையில் சொல்கிறோம். குளத்தையும் வயலையும் விளையையும் சேர்த்துக் கட்டியிருப்பதே இந்தக் கரைகள்தான். அதை அறுத்துவிட்டால் 2,000 குளமும் 2,000 தனித் தண்ணீர்க் குழி.

எனக்குக் கோபம் என்கிறார்கள். கோபம்தான். கூட்டம் போட்டு ஒரு தடவை கேட்டிருந்தால், எது தண்ணீரை மறிக்கிறது, எது கரையைப் பிடித்திருக்கிறது என்று அப்பாவோ அந்த வயல்வெளியில் உழுகிற எந்தப் பெரியவரோ அரை மணி நேரத்தில் கைகாட்டியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. ட்ரோன் வந்தது, ஜேசிபி வந்தது, வயல்காரனுக்கு ஒரு போன் வரவில்லை.

அடுத்த ஞாயிறு தெக்குச் சானல் கரை என்று குரூப்பில் போட்டிருக்கிறார்கள். நானும் வருகிறேன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. காலை ஆறு மணிக்கு, இயந்திரம் வருவதற்கு முன்னால், கரை நெடுக நடந்து நிற்க வேண்டிய மரங்களில் சுண்ணாம்பு அடையாளம் வைப்போம். ஆகாயத்தாமரை, வண்டல், குப்பை, கட்டிடக் கழிவு, அத்தனையையும் வாருவோம். களைக்கொல்லி கேன் மட்டும் கரைக்கு வரக்கூடாது. வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், சுண்ணாம்பு நான் வாங்கி வைக்கிறேன்.