வசனத்தை எங்கேப்பா ஒளிச்சு வச்சீங்க?

புதுப் படம் எதுக்குப் போனாலும் பின்னணி இசை மண்டையைப் பிளக்குது, நாயகன் முணுமுணுக்கிற வசனம் மட்டும் காதில் விழ மாட்டேங்குது. திட்டு என்னவோ நடிகருக்கு! பாதி நேரம் கோளாறு தியேட்டர்ல.

படத்தை மிக்ஸ் பண்ணும்போது, அதாவது வசனம், இசை எல்லாத்தையும் ஒண்ணா சேர்க்கும்போது, சவுண்ட் பிராசசர் (ஒலி அளவைக் கட்டுப்படுத்துற கருவி) அளவு 7-ல இருக்கும். அதாவது திரைக்குப் பின்னாடி இருக்கிற ஒவ்வொரு ஸ்பீக்கர் சேனலுக்கும் 85 டெசிபல். தியேட்டர்லயும் அதே 7-தான் கணக்கு. ஆனா டிரெய்லர் சத்தத்துல காது வலிக்குதுன்னு நாலு பேர் கத்தினதும் ஆபரேட்டர் 5-க்கு இறக்கிடுவார், படம் ஆரம்பிச்சதும் ஏத்த மறந்துடுவார். ஒரு புள்ளிக்கு 3 டெசிபலுக்கு மேல் போகும், ஆக 6, 7 டெசிபல் அம்போ. சண்டை அப்பவும் கேக்கும். கிசுகிசுப்புதான் ஏசி இரைச்சல்ல கரைஞ்சுடும். இதுக்குப் பயந்து இன்னும் சத்தமா மிக்ஸ் பண்றாங்க பாருங்க, அது தனிக் கொடுமை.

இன்னொண்ணு: வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்லதான் வரும். அதோட ட்வீட்டர் (கீச்சு ஒலிகளைத் தர்ற பகுதி) போயிட்டா 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கி, போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும். அளவை ஏத்தியும் பிரயோஜனம் இல்லை. "சவுண்ட் கம்மி"ன்னு சொல்லாதீங்க, "நடு ஸ்பீக்கரைப் பாருங்க"ன்னு சொல்லுங்க.