டோரி பைன்ஸில் ஆடியது குற்றமென்றால்

சென்ற வாரம், கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் கோல்ஃப் ஆடியபோது எடுத்து முகநூலில் போட்ட என் படத்தின் கீழே நடந்ததைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக அதை மறுபடியும் எடுத்து வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. டோரி பைன்ஸ் என்ற கோல்ஃப் மைதானத்தின் தெற்குப் பகுதியில், மூன்றாம் ஹோலில் (ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியாக அமைந்த ஆடுகளத்தை ஹோல் என்பார்கள்), பின்னால் பசிபிக் கடல் தெரிய நான் நின்றிருந்த படம் அது. நான் அண்ணன் என்று மரியாதையோடு அழைக்கும் ஒருவர் அதைப் பார்த்து, "துரை விடுமுறைக்கு வந்திருக்கிறார் போலிருக்கிறது" என்று எழுதினார். விளையாட்டாகச் சொன்னதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று இப்போது ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறீர்கள். விளையாட்டு அந்த ஒரு வரியோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். "பணக்காரன் ஆட்டம்", "ஊரையே மறந்தாச்சு", "கடல் பார்க்கப் போன இடத்தில் புல்லை அடிக்கிறார்" என்று அது தொடர்ந்த பிறகுதான் இதை எழுத வேண்டியதாயிற்று.

டோரி பைன்ஸ் சான் டியேகோ நகரத்துக்குச் சொந்தமான மைதானம். உறுப்பினராகச் சேர்ந்தால்தான் உள்ளே விடுவோம் என்ற பேச்சே அங்கு கிடையாது. சிபாரிசு செய்ய ஆள் வேண்டியதில்லை. அப்பன் பாட்டன் யாரென்று எவரும் கேட்பதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அந்த மேட்டில் கேம்ப் காலன் என்ற ராணுவப் பயிற்சி முகாம் இருந்தது. போர் முடிந்து முகாம் கலைந்த பின் சில ஆண்டுகள் அங்கே கார்ப் பந்தயம் நடந்தது. 1957இல் வில்லியம் பெல் வடிவமைத்த மைதானம் திறக்கப்பட்டது. கடலுக்கு மேலே செங்குத்தாக எழுந்து நிற்கும் அந்த நிலத்தை மனை போட்டு விற்றிருந்தால், இன்று அங்கே மாளிகைகளும் காவலாளி நிற்கும் வாயில்களும்தான் இருந்திருக்கும், அண்ணனும் நானும் சேர்ந்தே வெளியில் நின்றிருப்போம். 2008இல் டைகர் உட்ஸ் முழங்கால் தசைநார் அறுந்து, கால் எலும்பில் விரிசலோடு 91 ஹோல் ஆடி எதிராளி ராக்கோ மீடியேட்டை வென்று, கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான யு.எஸ். ஓபன் கோப்பையைத் தூக்கியது இதே தெற்கு மைதானத்தில்தான். 2021இல் ஜான் ராம் கடைசி இரண்டு ஹோல்களிலும் பேர்டி, அதாவது நிர்ணயித்ததைவிட ஓரடி குறைவாக, அடித்து அதே கோப்பையை வென்றதும் இங்கேதான். அப்படிப்பட்ட புல்வெளியில் உள்ளூர்ப் பஸ் ஓட்டுநர் ஒருவர் காசு கட்டி ஆடலாம், ஆடுகிறார்கள். முன்பதிவு கிடைக்காதவர்கள் விடியலுக்கு வெகுநேரம் முன்பே காரைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குள்ளேயே தூங்கி, வரிசையில் இடம் பிடிக்கிறார்கள். காருக்குள் குறுகிப் படுத்திருக்கும் அந்தத் துரைமார்களை அண்ணன் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும்.

கட்டணம் குறைவா என்று கேட்பீர்கள். குறைவில்லை. உள்ளூர்வாசிக்கு அடையாள அட்டையைக் காட்டினால் பாதிக்கும் மிகக் குறைவு. என்னைப் போன்ற வெளியூர்க்காரருக்குத் தெற்கு மைதானத்தில் 200 டாலருக்கு மேல் ஆகும். அதை நான் மறைக்கவில்லை, மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. சென்ற கோடையில் டிஸ்னிலேண்டுக்குக் குடும்பத்தோடு போய், எலிக்காது வைத்த தொப்பியோடு நின்று படம் போட்டவர்கள், நான்கு பேருக்கான நுழைவுச் சீட்டின் விலையை ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் பேச வரலாம். அந்தப் படத்துக்கு நான் விருப்பக்குறி போட்டேன். வடக்கே மாண்டரே பக்கம் இருக்கும் பெபிள் பீச் கோல்ஃப் மைதானத்திலும் யார் வேண்டுமானாலும் காசு கட்டி ஆடலாம்தான். ஆனால் அது தனியார் சொத்து, கட்டணம் 600 டாலரைத் தாண்டும், அதையொட்டிய கடற்கரைச் சாலையில் காரில் சுற்றிவரவே வாயிலில் பணம் கேட்பார்கள். நான் அங்கே நின்று படம் எடுத்துப் போட்டிருந்து, துரை என்று சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். இது நகரத்தின் மைதானம். இதற்கு மேல் எத்தனை முறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தண்ணீரை வீணடிக்கிறார்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அங்கே புல்லுக்குப் பாய்ச்சுவது சுத்திகரித்து மறுபயன்பாட்டுக்கு விடும் கழிவுநீர். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

விடுமுறையில் மனைவி மக்களைத் தவிக்க விட்டுவிட்டு ஐந்து மணி நேரம் ஆடினேனாம். விடியற்காலையில் கிளம்பியவன் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டேன். பிள்ளைகள் எழுந்ததே பத்து மணிக்கு. இது பற்றி என் வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை. இருந்தாலும் அதை நாங்கள் பேசிக்கொள்வோம், முகநூலில் பஞ்சாயத்து வேண்டாம்.

கடல் பார்க்கப் போன இடத்தில் புல்லை அடித்தேன் என்பதுதான் உண்மையில் என்னைச் சுட்டது. அந்த மூன்றாம் ஹோலின் டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், நின்றால் எதிரே கீழே சிறு பச்சைத் திட்டாகக் கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்) தெரியும், அதற்கப்பால் கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. பந்தை அடிப்பதற்கு முன் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு கனத்து வருகிறது என்று புல்லைக் கிள்ளித் தூவிப் பார்க்க வேண்டும். காலையில் பனிமூட்டம் கவிந்திருந்தால் அந்தக் குளிர்ந்த காற்றில் பந்து எதிர்பார்த்த தூரம் போகாது. நான்காம் ஹோலில் இடப்பக்கம் முழுவதும் பள்ளத்தை ஒட்டிய விளிம்பு. நாம் தரையில் நின்று மட்டையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்துப் பாறைமேட்டிலிருந்து பாராகிளைடரில் குதித்தவர்கள் நம் கண்மட்டத்தில் மிதந்து போகிறார்கள். கடலை இதைவிடக் கவனமாக எப்படிப் பார்ப்பது? கரையில் இறங்கி, முதுகைக் கடலுக்குக் காட்டி செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பார்ப்பதை விடவும் நான் குறைவாகப் பார்த்துவிட்டேனா?

அந்தப் புல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கிக்குயூ புல், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து எங்கள் மலைப்பக்கமெல்லாம் பரவிக் கிடக்கும் அதே புல். பந்து அதற்குள் இறங்கிவிட்டால், நனைந்த கம்பளிக்குள் குச்சியைச் செருகி இழுப்பதுபோல் மட்டை சிக்கித் திருகிக்கொள்ளும். என் சித்தப்பா மலையில் ஒரு கோல்ஃப் கிளப்பில் கேடியாக, ஆடுகிறவர்களின் மட்டைப் பையைச் சுமப்பவராக, இருந்தவர். அந்தப் பைகளைத் தோளில் சுமந்துகொண்டு மேடும் பள்ளமுமாக நடந்தே அவர் வாழ்க்கை போயிற்று. கிரீனில் புல் எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறது என்பதை உட்கார்ந்து, தலையைச் சாய்த்து ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். அவர் காட்டிய திசையில் அடித்து உள்ளே போட்ட கனவான்கள், தங்கள் திறமையைத் தாங்களே மெச்சிக்கொண்டு போவார்கள். ஆட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான், ஒரு வளைந்த சவுக்குக் கம்பும் தேய்ந்த பந்தும் வைத்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில். உறுப்பினர்கள் ஆடும் நேரத்தில், டீயில் நின்று, தனக்காக ஒரு பந்தை அவர் அடித்துப் பார்த்ததில்லை. கிக்குயூவில் மாட்டிய பந்தை எடுக்க மட்டையின் முகத்தைச் சற்றுத் திறந்து, பிடியை இறுக்கி, செங்குத்தாக இறக்க வேண்டும் என்று அவர் சொன்னது டோரி பைன்ஸில் எனக்கு இரண்டு இடங்களில் கைகொடுத்தது. இதையெல்லாம் படத்தின் கீழே எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதியிருந்தால் ஆடுவதற்கு அனுமதி கிடைத்திருக்குமோ என்னவோ.

பை சுமந்த குடும்பத்திலிருந்து ஒருவன் வந்து, யாரிடமும் கையேந்தாமல், நகரம் நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டி, நகரத்தின் மைதானத்தில் ஆடினால் அவன் துரையாகிவிடுகிறான். தாத்தா காலத்திலிருந்து கிளப்பில் உறுப்பினராக இருக்கும் வீட்டுப் பிள்ளை ஆடினால் அது பாரம்பரியம். அதற்கு இந்த அண்ணனே "சூப்பர் தம்பி" என்று எழுதியதையும் நான் படித்திருக்கிறேன், படித்து மறக்கவில்லை. நம்மில் ஒருவன் கொஞ்சம் மகிழ்ச்சியாக இருந்துவிட்டால் அதற்குக் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? வெள்ளைக்காரர்கள் யாரும் அன்று என்னைக் கேட்கவில்லை. உடன் ஆடிய மூவரும் முன்பின் தெரியாதவர்கள். அவர்களில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பள்ளத்தில் போன என் பந்தைத் தேட விளிம்புவரை வந்து, "அது இப்போது கடலுக்குச் சொந்தம்" என்று சொல்லித் தன் பையிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்.

கடைசியாக, அண்ணனின் வரிக்குச் சிரிப்புக்குறி போட்டவர்களில் இருவர் ஆட்டம் பழக என் மட்டைகளை இரவல் வாங்கியவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லமாட்டேன். ஒருவர் முறையாகத் திருப்பித் தந்துவிட்டார். மற்றவரிடம் என் செவன் அயர்ன் மட்டை இன்னும் இருக்கிறது. சான் டியேகோவில் அது இல்லாமல்தான் ஆடினேன். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிடவும்.