ரசீதில் வராத பணம்

ஜூன் மாதம் அடகுக் கடைகளில் கூட்டம் கூடுவதற்குப் பள்ளிக் கட்டணம்தான் காரணம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், முழுக்க உண்மை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் என் தங்கை இந்த வருடம் முதல் டேர்ம் கட்ட வளையலை வைத்தாள், போன வருடம் வைத்த செயினையே இன்னும் மீட்கவில்லை.

தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த தமிழ்நாட்டில் 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் தொகையை நிர்ணயிக்கிறது. சரி, நடப்பது என்ன? அந்தத் தொகைக்கு மட்டும் அச்சடித்த ரசீது, மீதிக்கு முத்திரை கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா, 'இதர' என்று பேனாவால் கிறுக்கிக் கொடுக்கிறார்கள், ஏன் என்று கேட்டால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். பிள்ளை தினமும் அங்கே போய் உட்கார வேண்டுமே, எந்த அம்மா புகார் கொடுப்பாள்?

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் இலவசமாக ஒதுக்கும் 25 சதவீத இடம் கிடைத்தவர்களுக்கும் எட்டாம் வகுப்பு வரைதான் நிம்மதி. அப்புறம் ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம், பிள்ளை பெரிய வகுப்புக்குப் போய் செலவு கூடுகிற நேரத்தில்!

அரசுப் பள்ளியில் சேர்க்கலாமே என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். காலை உணவு, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீடு எல்லாம் நல்ல விஷயம்தான், ஆனால் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்து நடத்தும் தொடக்கப் பள்ளியை நேரில் பார்த்த பெற்றோருக்கு எப்படி மனசு வரும்? அரசுக்குச் சொல்கிறேன், முதலில் அங்கே வகுப்புக்கு ஓர் ஆசிரியரைப் போடுங்கள். குழு நிர்ணயித்த தொகையைத் தனியார் பள்ளி வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், பணத்தை வங்கி வழியாக மட்டுமே வாங்கச் சொல்லுங்கள்.